பேர் சொல்லாதது

1

யாழினியின் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பின் முன்னால் நின்று, தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். நெதர்லாந்துப் பிள்ளைகள் பெரும்பாலும் நாலு கால் உள்ளதாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். குதிரை, பூனை, முயல். போன வருஷம் இவளும் முயலைப் பற்றித்தான் பேசினாள். எங்கள் வீட்டில் முயல் கிடையாது. பக்கத்து வீட்டு முயலை இரவல் வாங்கிக்கொண்டு போனாள்.

இந்த வருஷம் ஒரு செடியைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னாள். எந்தச் செடி என்று கேட்டதற்கு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இந்த ஊரில் யார் வீட்டுக்குப் பின்னால் பார்த்தாலும் ஒரு வாய்க்கால் ஓடும். அதன் கரையில், கத்தி மாதிரி நீண்ட இலைகளோடு, பாதி தண்ணீரிலும் பாதி சேற்றிலுமாக நிற்கிறது அது. டச்சுக்காரர்கள் கால்முஸ் என்கிறார்கள்.

“அத்தை வீட்டில் இருப்பதும் இதுதானே? தமிழில் இதற்கு என்ன பேர்?” என்று கேட்டாள். அத்தை என்ற ஒரு சொல் மட்டும்தான் அதில் தமிழ். மீதியெல்லாம் டச்சு. இப்போதெல்லாம் அவளுடைய தமிழ் ஊறுகாய் அளவுக்கு வந்துவிட்டது. சாப்பாடு வேறாகவும் தமிழ் தொட்டுக்கொள்ளவுமாக இருக்கிறது.

“எங்க வீட்ல அதுக்குப் பேர் சொல்ல மாட்டோம்மா” என்றேன்.

“அப்போ கடையில் எப்படி வாங்குவீர்கள்?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவள் பிறந்த வாரத்துக்குப் போக வேண்டும், அதற்கும் முன்னால் உத்திரமேரூருக்குப் போக வேண்டும். வயதுக்கு ஏற்றபடி அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

2

கஸ்தூரி அக்கா என்னைவிட ரொம்பவே மூத்தவள். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டியதும், அடித்ததும், தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவள்தான். கல்யாணமாகி அவள் போன ஊர் தூரமில்லை. உத்திரமேரூரில் செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறினால் கண்ணயர்வதற்குள் வந்துவிடும். ஏரித் தண்ணீர் பாயும் நிலம். மாமா நெல் போடுவார். நான் பள்ளி விடுமுறை முழுவதையும் அங்கேதான் கழித்தேன், அங்கேயே இருந்துவிடலாம் என்றும் நினைத்ததுண்டு.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் தண்ணீர் விழும் தொட்டி. அது நிரம்பி வழிந்து ஓடும் கால்வாய் ஓரத்தில் எப்போதும் சேறாக ஒரு துண்டு இடம் இருக்கும். அங்கேதான் அக்கா அதை வளர்த்தாள். விதையெல்லாம் கிடையாது. தரைக்குள் இஞ்சி மாதிரி ஓடும் கிழங்கில், முளை உள்ள துண்டாகப் பார்த்து வெட்டி ஊன்றுவாள்.

“படுக்க வெச்சி மேலாக்க சேத்த மூடு. ஆயமா பொதைச்சா அழுவிப் பூடும்” என்பாள். “கால் ஈரமா இருக்கணும், தல வெயில்ல இருக்கணும். அவ்ளோதான் அதுக்கு.”

ஒரு வருஷம் போல அப்படியே விட்டுவிடுவாள். இலை நுனி பழுத்துக் காயத் தொடங்கினால் கிழங்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். பிடுங்கி, வேரை அறுத்து, கழுவி, துண்டு போட்டு நிழலில் காயவைப்பாள். வெயிலில் போட்டால் வாசனை போய்விடும் என்று விடமாட்டாள். அந்தக் கிழங்கைக் கையால் தொட்டவர்கள் குளித்துவிட்டு வந்தாலும் கையில் அந்த நெடி இருக்கும். கொஞ்சம் காரம், கொஞ்சம் இனிப்பு, அதற்குள் ஒரு மண்வாசனை. அக்கா என் தலையில் எண்ணெய் வைக்கும்போது அது என் தலைக்கும் வந்துவிடும். பள்ளியில் என் பக்கத்தில் உட்காருபவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். இன்றைக்கு அந்த வாசனைக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

காய்ந்த துண்டுகளுக்கு அந்த வீட்டில் பல வேலைகள். அரிசிப் பானைக்குள் ஒன்று கிடக்கும், வண்டு வராது. என் பாடப் புத்தகப் பெட்டியில் ஒன்று, பூச்சி அரிக்காது. பொடித்துத் தலையில் தேய்த்தால் பேன் ஓடிவிடும். பிறந்த குழந்தைக்கு அதையே சின்ன மணிகளாக நறுக்கிக் கறுப்பு நூலில் கோத்துக் கையில் வளையலாகக் கட்டுவார்கள். இதற்கெல்லாம் மேலே, வயிறு உப்பி அழும் குழந்தைக்கு அதுதான் மருந்து. விளக்கெண்ணெய் தோய்த்து விளக்கில் சுட்டுக் கரியாக்கி, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு ஒரே ஒரு சுற்று உரசி, விரல் நுனியால் குழந்தையின் நாக்கில் தொட்டுவைப்பாள் அக்கா. ஒரு சுற்றுதான் அளவு. அந்த உரைகல் அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பிருந்தே தேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் குழி விழுந்து, கைக்குச் சோப்பு மாதிரி வழுக்கும்.

சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அக்காவைத்தான் தேடி வருவார்கள். வருகிறவர்கள் அதன் பேரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். “யக்கா, அது கொஞ்சம் வேணும்” என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில்கூட “பேர் சொல்லாதது குடுங்க” என்றால் கடைக்காரர் எடுத்துத் தந்துவிடுவார். எங்கள் வீட்டில் இந்தச் சட்டம் இன்னும் கொஞ்சம் கடுமை. குழந்தைக்கு அதைக் கொடுக்கிறவள் தன் வாயால் பேரைச் சொல்லவே கூடாது.

“சொன்னா அந்தக் கைக்கு மருந்து கேக்காது” என்பாள் அக்கா.

பேர் சொல்லாமல் காலம் தள்ளுவது அவளுக்குப் பழக்கம்தான். மாமாவின் பேரையும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. “நம்ம வூட்டாரு” என்பதோடு சரி. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டிவிடுவாள். இங்கே வருவதற்கு விசாவுக்குப் போனபோது, சென்னையில் அந்த அலுவலகப் பெண் கணவர் பெயரைக் கேட்டிருக்கிறாள். அக்கா ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, மாமா பேர் மேலே விரலை வைத்துவிட்டுச் சும்மா நின்றாளாம். அந்தப் பெண் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள் என்று மாமா தொலைபேசியில் சொன்னார்.

3

சுமதிக்கு, என் மனைவிக்கு, வயிற்றை அறுத்துத்தான் பிரசவம். அவளுடைய அம்மா முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்ததால் துணைக்கு அக்கா வந்தாள். விமானத்திலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, “இன்னாடா இப்டி எளைச்சிப் போய்க்கீறே” என்பதுதான். நான் அப்போது தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

இந்த நாட்டில் பிரசவமான வீட்டுக்கு முதல் வாரம் முழுக்க ஒரு தாதி வருவார். எங்களுக்கு வந்தவர் பெயர் ஆன்யா. நெடுநெடுவென்று உயரம், சத்தமான சிரிப்பு. தாய்க்குக் காய்ச்சல் பார்ப்பார், தையலைப் பார்ப்பார், குழந்தையை எடை போடுவார். அது முடிந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு கழிப்பறையைக் கழுவுவார். அக்காவால் அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்யவே முடியவில்லை.

“இந்தம்மா டாக்டரா, வூட்டு வேலக்காரியா? காச்சலும் பாக்குறா, கக்கூசும் கயுவுறா.”

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். குழந்தை பிறந்தால் இங்கே வருகிறவர்களுக்கு ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பைத் தூவிக் கொடுப்பது வழக்கம். அக்கா அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, “சோம்புடா. பால் ஊறும்னு நம்மூர்லயும் குடுப்போம். இவங்களுக்கு யார் சொன்னது?” என்றாள். அன்றைக்கு ஆன்யாமேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அக்கா ஊரிலிருந்தே அந்த வளையலைக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆன்யா குழந்தையின் கையிலிருந்து அதை மெதுவாகக் கழற்றினார். நூல் அறுந்தால் மணி வாய்க்குள் போய்விடும், தூங்குகிற குழந்தைமேல் எதையும் கட்டக்கூடாது என்றார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வளையல் வாசலில் கோட்டு மாட்டும் கொக்கிக்குப் போயிற்று.

அன்றைக்குத்தான் நான் அக்காவிடம் சொன்னேன்.

“அக்கா, இந்த ஊர்ல டாக்டரைக் கேக்காம குழந்தை வாயில எதையும் வெக்கக் கூடாது. தெரிஞ்சா பெரிய பேஜாராயிடும். கேஸே போடுவாங்க.”

“நான் இன்னாத்துக்குடா வெக்கப் போறேன்” என்றாள். அதற்குப் பிறகு நானும் அதைப் பேசவில்லை.

பிறந்த சில நாளைக்குள் தகப்பன் நகராட்சிக்குப் போய்ப் பேரைப் பதிந்துவிட வேண்டும். நான் போனேன். குடும்பப் பெயர் என்ன என்றார் அந்த மனிதர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பேரின் முதல் எழுத்துதான் என்றேன். அவர் கணினியைப் பார்த்தார், என் கடவுச்சீட்டைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து, செத்துப் பல வருஷமான என் அப்பா ஏழுமலையை எங்கள் மூன்று பேருக்கும் குடும்பப் பெயராக்கி முத்திரை குத்தினார்கள். அப்பா காஞ்சிபுரத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. எனக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. வழியில் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

4

கதவைத் திறந்தபோது ஆன்யாவின் சிரிப்பு இல்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டிருந்தார். குழந்தை காலை இழுக்கவில்லை. காலையிலிருந்து இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டாள், பாலுக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, துணி மாதிரித் துவண்டு கிடக்கிறாள் என்றார். ஏற்கனவே டாக்டரைக் கூப்பிட்டிருந்தார். நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

சுமதி தையலைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினாள். அக்கா செருப்பு போடக்கூட நிற்காமல் வந்து பின்னால் உட்கார்ந்தாள்.

அங்கே இருந்தவர் சின்ன வயசு டாக்டர், பெண். குழந்தையை நெஞ்சிலும் வயிற்றிலும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் இருந்ததா? கீழே விழுந்தாளா? தாய்ப்பால் தவிர ஏதாவது கொடுத்தீர்களா? மருந்து, தேன், மூலிகை, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

“ஒன்றும் இல்லை” என்றேன்.

“ஒண்ணுமே இல்ல” என்று சுமதியும் சொன்னாள்.

இன்னொரு தடவையும் கேட்டார். இன்னொரு தடவையும் அதையே சொன்னோம். நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்படியானால் கிருமித் தொற்று என்று வைத்துக்கொண்டுதான் சிகிச்சை தொடங்க வேண்டும், இந்த வயசில் காத்திருக்க முடியாது என்றார். இரத்தத்தில் இருக்கலாம், மூளையில் இருக்கலாம். முதுகெலும்பிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தாதி குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்தில் ஒரு கையும் முழங்காலில் ஒரு கையும் வைத்து வில் மாதிரி வளைத்துப் பிடித்தாள். முதுகு என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அதில் ஏதோ தடவித் துடைத்தார்கள். சுமதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா கதவோரத்தில் நின்றிருந்தாள். பேசியது எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது.

“தம்பி, இன்னா பண்றாங்கோ?”

“முதுகுல ஊசி குத்தித் தண்ணி எடுக்கப் போறாங்கக்கா. ஏன் இப்படிக் கிடக்குதுன்னு தெரியணுமில்ல.”

அக்கா ஊசியைப் பார்த்தாள். பிறகு நேராக அந்த டாக்டரின் எதிரே போய் நின்றாள்.

“வசம்பு” என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அது யாரோ வேறு பெண் பேசுவது போல இருந்தது.

“வசம்பு குடுத்தேன். நான்தான் குடுத்தேன். இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. காலீல வயிறு உப்பிக்கினு அய்துச்சி, இவன் பேர் எய்தப் போயிருந்தான், சுமதி தூங்கினு இருந்துச்சி, அந்தம்மா கக்கூஸ் கயுவினு இருந்தா. வசம்பு சுட்டு நாக்குல வெச்சேன்.” என் பக்கம் திரும்பினாள். “சொல்லுடா அவங்களாண்ட. குயந்தை முதுகுல குத்த வாணாம்னு சொல்லு.”

சொன்னேன். டச்சில் பேர் தெரியாமல் கைப்பேசியில் தேடி, படத்தைக் காட்டினேன். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார்.

“ஒரு சுத்து” என்றாள் அக்கா. “ஒரே ஒரு சுத்து. எப்பவும் குடுக்கிறதுதான். எத்தினி குயந்தைக்கு குடுத்துக்கீறேன்.”

“எதுல உரசினே?” என்று கேட்டேன்.

“கல்லுதான் இல்லியே. வெயிட் ஜாஸ்தின்னு ஏர்போர்ட்டுல எடுத்து நம்ம வூட்டாராண்ட குடுத்துட்டு வந்தேன். உன் வூட்டு பீங்கான் தட்டு கீதே, அத கவுத்துப் போட்டு அடியில ஒரசினேன்.”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் நுனியைத் தேய்த்துப் பார்த்தாள்.

“அது கொரகொரன்னு இருந்துச்சிடா” என்றாள்.

பீங்கான் தட்டின் அடியில் மெருகு ஏறாத ஒரு வளையம் இருக்கும். தரையில் வைக்கிற இடம். கத்திகூடத் தீட்டலாம் அதில். ஊர்க் கல்லில் ஒரு சுற்றுக்கு நிறம் மட்டும்தான் இறங்கும். இதில் ஒரு சுற்றுக்குச் சாந்தே இறங்கியிருக்கிறது. அதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் விரலே சொல்லிவிட்டது. அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

5

டாக்டர் அவளைத் திட்டவில்லை. முதுகு ஊசியைத் தள்ளிவைத்து, குதிகாலில் இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். விஷமுறிவுக்கென்று ஆலோசனை சொல்கிற இடத்துக்குத் தொலைபேசியில் பேசினார்கள். இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று இல்லை, மூச்சையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டே காத்திருப்பதுதான் வழி என்றார்கள். காத்திருந்தோம். இரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. மறுநாள் காலையில் யாழினி கொட்டாவி விட்டு, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். சுமதி அவளை அணைத்துப் பால் கொடுத்தபோது நானும் அழுதேன்.

பிறகு அந்த டாக்டர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிழங்கில் மயக்கம் தருகிற, நாள்பட்டால் உடம்பைக் கெடுக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. அது இந்த நாட்டு வாய்க்கால் செடியைவிட நம் ஊர்ச் செடியில் அதிகம். பெரியவர்களே தொடர்ந்து உள்ளுக்குச் சாப்பிடக்கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கைக்குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம். சுட்டுவிட்டால் நஞ்சு போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வோமே என்று கேட்டேன். குறையலாம், எவ்வளவு குறையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, குழந்தையை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்றார்.

அதற்கு அடுத்த நாட்களில் அக்கா போலீசுக்காகக் காத்திருந்தாள். கேஸ் போடுவார்கள் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைக் கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். போலீஸ் வரவில்லை. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். எங்கள் மூன்று பேரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டார், குழந்தையைக் கொஞ்சினார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். பெட்டி அப்படியே இருந்தது.

ஆன்யா கடைசி நாள் போகும்போது, கொக்கியில் தொங்கிய வளையலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கம்பளி உடுப்புகள் வைக்கிற அலமாரியில் பூச்சிக்குப் போடப் போகிறாராம். அதை நான் தமிழில் சொன்னதும், அந்த வாரத்தில் முதல் தடவையாக அக்கா சிரித்தாள். “அதுக்கு நல்லா கேக்கும்னு சொல்லு” என்றாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு மாலை அவளை வாய்க்கால் கரையில் நடக்கக் கூட்டிப்போனேன். கரையில் இரண்டு புதர்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி நின்றன. ஒன்று மஞ்சள் பூ பூக்கிற வேறு செடி, அதைத் தின்றால் குடலைப் புரட்டிவிடும். பூ இல்லாத நாளில் எனக்கு இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. அக்கா குனிந்து இரண்டிலும் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினாள். முதலாவதை எறிந்துவிட்டாள். இரண்டாவதன் ஓரத்தில் துணிக் கொசுவம் மாதிரிச் சின்னச் சுருக்கம் இருந்தது. அதை மூக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

“இங்கயும் கீதே இது” என்றாள். பிறகு என் மூக்கில் வைத்தாள். அவ்வளவுதான், எனக்கு மோட்டார் கொட்டகை, தொட்டி, சேறு, எண்ணெய் வழியும் என் தலை எல்லாம் வந்துவிட்டது.

6

யாழினி நடக்கத் தொடங்கிய பிறகு ஊருக்குப் போனோம். அக்கா அவளைக் கீழே இறக்கவே இல்லை. சேற்றில் செடி முன்னைவிடச் செழிப்பாக நின்றது. உரைகல்லைத்தான் காணோம். தேடிப் பார்த்தால், மோட்டார் கொட்டகைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள்.

நாங்கள் இருக்கும்போதே ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “யக்கா, ராவெல்லாம் அய்வுது. அது கொஞ்சம் ஒரசிக் குடேன்.”

அக்கா குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“நான் பேர சொல்லிட்டேன்மா. என் வாயாலயே சொல்லிட்டேன், வெளிநாட்டுல, நாலு பேர் எதிர்ல. இனிமே என் கைக்குக் கேக்காது. நீ உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ.”

அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவு வீட்டில் பார்ப்பது போல அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அதுவரை அந்த ஊரில் எந்த நர்சு சொல்லியும் யாரும் இப்படி உடனே கேட்டதில்லை என்று மாமா பிறகு சொன்னார்.

அவள் போனதும் கேட்டேன். “நெஜமாவே கேக்காதாக்கா?”

அக்கா யாழினியின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

“யாருக்குத் தெரியும். கேக்கும்னா குடுன்னுவாங்கோ. வெசம்னு சொன்னா, இத்தினி வருசமா எங்க புள்ளைங்களுக்கு வெசத்தையா குடுத்தேன்னுவாங்கோ. எல்லாத்தையும் நான்தான் தொட்டு வெச்சேன். அது எனக்கே ராவுல நெனப்பு வருது. பேர சொல்லிட்டேன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கோ.”

அரிசிப் பானையில் போடுவதற்கு மட்டும் இன்றும் எல்லாருக்கும் துண்டு கொடுக்கிறாள். தருகிறபோது, வாயில் வைக்காதே என்று இரண்டு தடவை சொல்லித்தான் தருகிறாள்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வகுப்பில் காட்டப் போகும் யாழினியின் அட்டை தயாராகிவிட்டது. நடுவில் அவளே வரைந்த செடி, கிழங்கு, வேர். மேலே டச்சுப் பேர். அதற்குக் கீழே தமிழுக்கென்று கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. நான் சொல்லிவிடலாம், எனக்கொன்றும் தடை இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை. “அத்தையையே கேள்” என்றேன்.

அக்கா காணொளியில் வந்தாள். கால்வாய் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள், பின்னால் அவளுடைய செடிகள். யாழினி பாதி டச்சும் பாதி தமிழுமாகத் தன் அட்டையைக் காட்டி விளக்கினாள். அக்காவுக்கு என்ன புரிந்ததோ, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

“அத்தை, இது பேர் என்ன?”

“வசம்பு.” தண்ணீர் குடிப்பது போலச் சொன்னாள்.

“வசம்பு” என்றாள் யாழினி. ஏழுமலையைச் சொல்லத் தடுமாறுகிற நாக்கு இதைச் சுத்தமாகச் சொன்னது.

“ஆங். அத்தை சொல்லிக் குடுத்துச்சின்னு சொல்லு அங்க. இன்னொரு தபா சொல்லு.”

“வசம்பு.”

அக்கா கைப்பேசியை வெளிப்பக்கமாகத் திருப்பினாள். திரையில் வேலி தெரிந்தது, அதற்கு அப்பால் பக்கத்து வீட்டு வேப்பமரம், மரத்தில் ஒரு புடவைத் தூளி. ஒரு சின்னப் பெண் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அங்கே புதிதாகக் குழந்தை பிறந்திருப்பது எனக்குத் தெரியாது.

“சத்தமா சொல்லும்மா” என்ற அக்காவின் குரல் மட்டும் கேட்டது. “அத்தை வாயால பேர சொல்லிடுச்சின்னு அந்த வூட்ல கேக்கட்டும். அப்பால அத கேட்டுக்கினு வர மாட்டாங்கோ.”

யாழினி நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டாள். வகுப்பில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிக்கொடுத்த குரலில் சொன்னாள்.

வேப்பமரத்தடியில் அந்தப் பெண் தூளியைப் பிடித்து நிறுத்திவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.